100 வாட் மங்கியது, 40 வாட் எரிந்தது: பல்ப் இழையின் தடிமனைத் தேடிப் போன அனுபவம்

போன வியாழக்கிழமை காலை எங்கள் அடைபெட்டிக்குள் (கோழி முட்டையைப் பல்ப் சூட்டில் பொரிக்க வைக்கும் பெட்டி) முதல் குஞ்சு ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே தலை நீட்டியது. இருட்டுவதற்குள் 16 குஞ்சுகள் பொரித்துவிட்டன. இந்தப் பெட்டியைச் சரிசெய்ய இறங்கியபோது பல்புக்குள் இருக்கும் இழை எவ்வளவு தடிமன், அதனால் வெளிச்சம் எப்படி மாறுகிறது என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. செய்த வரிசையிலேயே, தப்பாகப் போன இடங்களோடு எழுதி வைக்கிறேன். நாட்டுக்கோழி முட்டைக்குப் பெட்டி செய்பவர்களுக்கும், வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளை இருப்பவர்களுக்கும் பயன்படும்.

பெட்டி பெரிய விஷயம் இல்லை. மீன் கடையில் வாங்கிய தெர்மாகோல் பெட்டி, 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 35 உயரம். ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட் (சூடு கூடினால் பல்பை அணைத்து, குறைந்தால் போடும் கருவி), பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய சின்ன ஃபேன், ஒரு கிண்ணம் தண்ணீர். சூட்டுக்கு 100 வாட் குண்டு பல்ப் ஒன்று. வெப்பம் 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். 100 வாட் அந்தப் பெட்டிக்கு அதிகம் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பல்ப் முக்கால் நிமிடம் எரியும், இரண்டு நிமிடம் அணையும், மறுபடி எரியும். இரவும் பகலும் இதே ஆட்டம்.

12-வது நாள் இரவு பல்ப் ஃபியூஸ் போய்விட்டது. காலையில் பார்த்தால் பெட்டிக்குள் 27 டிகிரி. 22 முட்டையும் வீண். எட்டாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே சிலந்தி கால்போல ரத்த நாளம் ஓடியதை நானும் மகளும் பார்த்திருந்தோம். அதனால் மனசுக்குக் கஷ்டமாகவே இருந்தது. புது பல்ப் போட்டு வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்தேன். அது ஒன்பது நாள்தான் தாங்கியது.

எங்கள் தெருவில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு பல்பை சீரிஸ்ல போட்டு விடுப்பா. வெளிச்சம் கம்மியாத்தான் இருக்கும், ஆனா வருஷக்கணக்குல ஓடும்" என்றார். வீட்டில் கைக்கு அகப்பட்டது ஒரு 40 வாட்டும் ஒரு 100 வாட்டும். இரண்டையும் சீரிஸில், அதாவது ஒரு பல்பைக் கடந்த மின்சாரமே அடுத்ததற்குப் போகும்படி வரிசையாக, மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். 40 வாட் நன்றாக எரிந்தது. 100 வாட் எரியவே இல்லை.

ஹோல்டர் லூஸ் என்று நினைத்தேன். பல்புகளை இடம் மாற்றினேன். இப்போதும் 40 வாட்தான் எரிகிறது. ஹோல்டரைக் கழற்றி பித்தளை முள்ளைச் சுரண்டினேன், வயர் முனையைப் புதிதாகச் சீவி மாட்டினேன். ஒரு மணி நேரம் போனது. கடைசியில் 100 வாட்டைத் தனியாக மாட்டிப் பார்த்தால் கண் கூசும்படி எரிகிறது! ஹோல்டரும் சரி, பல்பும் சரி. மறுபடி சீரிஸில் போட்டு, 40 வாட் வெளிச்சத்தை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தேன். 100 வாட் பல்புக்குள் இழை சிவந்து கனன்றுகொண்டிருந்தது. பக்கத்து வெளிச்சத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

சரி, அளந்து பார்ப்போம் என்று மல்டிமீட்டரை எடுத்தேன். 230 வோல்ட் ஓடும்போது அளப்பது விளையாட்டு இல்லை. ஸ்விட்சை அணைத்து, முதலை கிளிப்பை மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகுதான் ஸ்விட்சைப் போட்டேன். மகளை அந்தப் பக்கம் வரவிடவில்லை. அன்று மெயின் 232 வோல்ட் இருந்தது. அதில் 40 வாட் பல்புக்கு 196 வோல்ட், 100 வாட் பல்புக்கு வெறும் 36 வோல்ட். மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே, 0.16 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் 40 வாட் பல்பில் 31 வாட் செலவாகிறது, 100 வாட் பல்பில் 6 வாட்கூட முழுசாக இல்லை.

பல்புகளைக் கழற்றி ஆறவிட்டு மின்தடை பார்த்தேன். 100 வாட்டுக்கு 38 ஓம். வீட்டில் கிடந்த இன்னொரு 60 வாட்டுக்கு 63. 40 வாட்டுக்கு 97. இங்கே ஒரு தப்பு செய்தேன். 230 வோல்ட்டை 38 ஓமால் வகுத்து, 6 ஆம்பியர் ஓடும், அப்படியென்றால் கிட்டத்தட்ட 1,400 வாட் வருகிறதே, மீட்டர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி பேட்டரியை மாற்றினேன். மீட்டரில் குறை இல்லை. பல்ப் இழை டங்ஸ்டன் என்ற உலோகம், அது சூடாக ஆக மின்தடை ஏறிக்கொண்டே போகும். எரியும்போது 100 வாட் பல்பின் மின்தடை 529 ஓம், அதாவது ஆறியிருக்கும்போது இருப்பதைப்போல 14 மடங்கு. 40 வாட்டுக்கு எரியும்போது 1,320 ஓம். அந்த 6 ஆம்பியரும் பொய் இல்லை, ஸ்விட்ச் போடும் அந்தக் கண நேரத்துக்கு மட்டும் உண்மையிலேயே கிட்டத்தட்ட அவ்வளவு பாயும். இந்த விஷயம் பின்னால் உதவியது.

சாயங்காலம் மகள் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, 40 வாட் இழை மெல்லிசா இருக்கும். மெல்லிசா இருந்தா ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி. ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தின்னா ஹீட் ஜாஸ்தி. ஜூல் விதி" என்றாள். எனக்கும் அது சரியாகப்பட்டது. அப்புறம் அவளே, "அப்ப ஹால்ல தனியா மாட்டினா 100 வாட்தானே பளிச்சுன்னு எரியுது?" என்றாள். இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. இழை உண்மையிலேயே எவ்வளவு தடிமன் என்று பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் தீர்மானித்தோம்.

ஃபியூஸ் போன பல்புகள் மூன்றைச் சேகரித்தேன்: 40, 60, 100 வாட். உடைக்கும் முறை முக்கியம். பல்பைப் பழைய துணியில் இரண்டு சுற்று சுற்றி, சிமெண்டு பைக்குள் வைத்து, சுத்தியலால் லேசாக ஒரு தட்டு. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்குத் தோல் உறை. முதல் பல்பை வேகமாகத் தட்டிவிட்டேன், உள்ளே இருந்த இழையில் ஒரு துணுக்குத் தவிர மற்றதெல்லாம் கண்ணாடித் தூளோடு போய்விட்டது. இரண்டாவதில் இழை மிஞ்சியது. டுவீசரால் தொட்டதும் வெடுக்கென்று முறிந்தது. டங்ஸ்டன் கம்பியாகச் சுற்றப்படும்போது வளையும், ஆனால் பல மணி நேரம் வெள்ளைச் சூட்டில் எரிந்த பிறகு உள்ளே இருக்கும் படிகங்கள் பெரிதாகி, காய்ந்த விறகுச் சுள்ளிபோல ஆகிவிடுகிறது. அதனால் இழையை இழுத்து நேராக்கி நீளம் பார்க்கலாம் என்ற என் திட்டம் அங்கேயே முடிந்தது.

லேத் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் மைக்ரோமீட்டர் கடன் வாங்கினேன். 0.01 மில்லிமீட்டர் வரை அளக்கும். முதலில் வைத்து அளந்தபோது 100 வாட் இழை 0.3 மில்லிமீட்டர் காட்டியது. இவ்வளவு தடிமனா என்று சந்தேகம் வந்தது. செல்போன் கேமராவுக்கு முன்னால் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: நான் அளந்தது கம்பியை அல்ல, கம்பி சுருண்டிருக்கும் சுருளை. கண்ணுக்கு ஒரு நூல்போலத் தெரிவது, பேனா ஸ்பிரிங்கைப் போல நெருக்கமாகச் சுற்றிய சுருள். அதில் ஒரே ஒரு வளையத்தின் துணுக்கை எடுத்து வைத்தால்: 100 வாட்டுக்கு 0.04, 60 வாட்டுக்கு 0.03, 40 வாட்டுக்கு 0.02 மில்லிமீட்டர். ஒவ்வொன்றையும் ஐந்து முறை அளந்தேன், கருவியின் சுழிப்பிழையை (எதையும் வைக்காதபோதே அது காட்டும் அளவை) கழித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க மகளின் தலைமுடி ஒன்றை வைத்தோம், 0.07 வந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஒரு அறைக்கே வெளிச்சம் தருகிறது என்பதை அவள் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஆக 100 வாட் இழைதான் தடிமன். தனியாக எரிந்தால் தடிமனுக்கு வெற்றி, சீரிஸில் எரிந்தால் மெலிந்ததற்கு வெற்றி. இதை நம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. டங்ஸ்டனைக் காற்றில் எரிக்க முடியாது என்று படித்திருந்தேன், ஆனாலும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று பைக் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றின் கண்ணாடியை மட்டும் பக்குவமாக உடைத்து, இழை சேதமாகாமல் 12 வோல்ட் கொடுத்தேன். பளீர் என்று ஒரு மின்னல், மெல்லிய வெள்ளைப் புகை, இழை இல்லை. ஒரு விநாடிகூட ஆகவில்லை. கண்ணாடிக் குமிழும் அதற்குள் அடைத்த ஆர்கான் வாயுவும் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைக்காது.

அதனால் நைக்ரோம் (நிக்கல், குரோமியம் கலந்த உலோகம்) கம்பிக்குப் போனேன். ஹீட்டர் காயில் விற்கும் கடையில் கேஜ் எண் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் எண்) சொல்லிக் கேட்டால் கிடைக்கும். எண் கூடக் கூடக் கம்பி மெலியும், இதை மறந்து கேட்டால் வேறு கம்பியோடு வீடு திரும்ப வேண்டியதுதான். 26 கேஜ், 30 கேஜ், 36 கேஜ் மூன்றிலும் மும்மூன்று மீட்டர் வாங்கினேன். மொத்தம் 150 ரூபாய். மைக்ரோமீட்டரில் வைத்தால் 0.46, 0.32, 0.19 மில்லிமீட்டர். மின்சாரத்துக்குப் பழைய யூபிஎஸ்ஸில் இருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி. முதலை கிளிப் நான்கு 40 ரூபாய், 15 ஆம்பியர் ஃபியூஸும் அதன் ஹோல்டரும் 50 ரூபாய். ஃபியூஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம், சின்ன பேட்டரிதான் என்றாலும் ஷார்ட் ஆனால் வயர் உருகிவிடும். தரை ஓடு போட்டதில் மிஞ்சிய டைல்ஸ் துண்டில் இரண்டு துளை போட்டு, போல்ட்டு முடுக்கி, அதுதான் மேடை.

ஓம் அளக்கும்போது மீண்டும் ஒரு சறுக்கல். 36 கேஜ் 15 சென்டிமீட்டருக்கு 6.0 ஓம் காட்டியது, என் கணக்குப்படி 5.6தான் வர வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தேன், 0.4 காட்டியது. அது மீட்டர் வயரின் மின்தடை. கழித்தால் சரியாக வந்தது. 30 கேஜுக்கு 2.1, 26 கேஜுக்கு 1.0. சின்ன மின்தடைகளில் இந்த 0.4 பெரிய தொகை, 26 கேஜில் அது கிட்டத்தட்டப் பாதி.

முதல் முயற்சி 36 கேஜ், 8 சென்டிமீட்டர். கிளிப்பை மாட்டியதும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று ஏறி இரண்டே விநாடியில் நடுவில் அறுந்தது. நைக்ரோம் 1,400 டிகிரி வாக்கில் உருகும், அதைத் தாண்டிவிட்டோம். நீளத்தை 15 சென்டிமீட்டர் ஆக்கினேன். இப்போது நிலையான ஆரஞ்சு. 2.1 ஆம்பியர், 12.1 வோல்ட், 25 வாட். மகள் அறை விளக்கை அணைத்தாள். அந்தக் கம்பி வெளிச்சத்தில் டைல்ஸில் இருந்த பூ டிசைன் தெரிந்தது. எங்கள் கையால் செய்த முதல் விளக்கு அது.

அதே 15 சென்டிமீட்டர், 30 கேஜ். பிரகாசமான மஞ்சள். 36 கேஜைவிட நிச்சயமாக அதிக வெளிச்சம், பக்கத்து அலமாரியில் இருந்த புத்தக முதுகுகளைப் படிக்க முடிந்தது. 5.4 ஆம்பியர், கிளிப்பில் 11.7 வோல்ட், 63 வாட். கம்பி சூட்டில் தொய்ந்து டைல்ஸைத் தொடப் போனதால் இரண்டு நிமிடத்தில் கழற்றிவிட்டேன். அதே 15 சென்டிமீட்டர், 26 கேஜ். மாட்டியதும் வெள்ளையாகப் பளிச்சிட்டு மூன்று விநாடியில் அறுந்து, உருகிய துளி ஒன்று டைல்ஸில் கருப்புத் தழும்பு போட்டது. வோல்ட் அளக்க நேரமே கிடைக்கவில்லை.

ஒரே பேட்டரி, ஒரே நீளம், தடிமன் மட்டும் மாறுகிறது: தடிக்கத் தடிக்க வெளிச்சம் கூடியது. நாங்கள் முதல் நாள் நம்பியதற்கு நேர் எதிர். மெல்லிய கம்பிக்கு மின்தடை அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அந்த மின்தடையே மின்னோட்டத்தைக் குறைத்துவிடுகிறது. அப்புறம் சூடு எங்கிருந்து வரும்? மகள் சொன்ன விதியில் தவறே இல்லை. மின்னோட்டம் மாறாமல் இருக்கும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசுக்குள் வைத்துக்கொண்டதுதான் தவறு.

மின்னோட்டத்தை உண்மையிலேயே மாறாமல் வைத்தால்? 36 கேஜ் 10 சென்டிமீட்டர், 30 கேஜ் 10 சென்டிமீட்டர், இரண்டையும் நடுவில் ஒரு போல்ட்டால் இணைத்து ஒரே வரிசையில் மாட்டினேன். 2.3 ஆம்பியர். மெல்லிய கம்பி ஆரஞ்சாக எரிகிறது, தடித்த கம்பி கருப்பாகவே கிடக்கிறது. கருப்பாக இருக்கிறதே என்று தொட்டுவிடக் கூடாது, ஒரு காகிதத் துண்டை வைத்ததும் தீய்ந்து புகைந்தது. மெல்லியதில் 20 வாட், தடித்ததில் 8 வாட்டுக்குக் கீழே. அதிலும் அந்த 8 வாட் பெரிய மேற்பரப்பில் பரவிவிடுகிறது. அடைபெட்டியில் 40 வாட் எரிந்து 100 வாட் மங்கிக் கிடந்தது இதே கதைதான்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். அடுத்த ஞாயிறு, 26 கேஜ் அறுந்துபோன குறையைத் தீர்க்க, நீளத்தை 40 சென்டிமீட்டராக்கி டைல்ஸுக்குக் குறுக்கே கட்டினேன். 4.5 ஆம்பியர், 53 வாட். ஆனால் அறையை முழு இருட்டாக்கினால்தான் தெரிகிற மாதிரி அழுக்குச் சிவப்பு. 25 வாட் வாங்கிய 36 கேஜ் ஆரஞ்சாக எரிந்ததே! இரண்டு மடங்கு மின்சாரம் தின்னும் கம்பி இருட்டாக இருக்கிறது. அப்போதுதான் வாட் வேறு, வெளிச்சம் வேறு என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கம்பி எவ்வளவு சூடு ஏறுகிறது என்பதில்தான் வெளிச்சம் இருக்கிறது. தடிமனாகவும் நீளமாகவும் இருந்தால் தோல் பரப்பு அதிகம், சூடு முழுக்க அதில் வெளியேறிவிடுகிறது. 36 கேஜ் 15 சென்டிமீட்டரின் மேற்பரப்பு 0.9 சதுர சென்டிமீட்டர், 26 கேஜ் 40 சென்டிமீட்டருக்கு 5.7. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை வாட் என்று கணக்குப் போட்டால் முன்னதற்கு 28, பின்னதற்கு 9.

அதே 40 சென்டிமீட்டரை ஒரு ஆணியில் நெருக்கமாகச் சுற்றி, ஆணியை உருவி எடுத்துவிட்டு மாட்டினேன். ஒரு சுற்று இன்னொன்றைத் தொடாமல் லேசாக இழுத்துவிட வேண்டும், தொட்டால் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும். பேட்டரி அதே, கம்பி அதே, மின்னோட்டமும் ஏறத்தாழ அதே. சுருள் நல்ல சிவப்பாக எரிந்தது. ஒரு வளையத்தின் சூடு பக்கத்து வளையத்துக்கே போகிறது, காற்று முழுசாகக் கொண்டுபோக முடியவில்லை. காற்று எவ்வளவு திருடுகிறது என்பதற்கு இன்னொன்றும் தற்செயலாகக் கிடைத்தது: மின்விசிறியைப் போட்டதும் 36 கேஜ் ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கு இறங்கியது, அணைத்ததும் ஏறியது. பரப்போடு ஒப்பிட்டால் மெல்லிய கம்பிக்குத்தான் இந்த இழப்பு அதிகம். 1913-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூர் வாயு நிரப்பிய பல்புக்குள் இழையைச் சுருளாக வைத்ததற்கு இதுவே காரணம். வாயு இருந்தால் டங்ஸ்டன் ஆவியாவது குறையும், ஆனால் வாயு சூட்டைத் திருடும். சுருளாக்கினால் திருட்டு குறையும். நான் சுருளை அளந்துவிட்டு அதுதான் கம்பி என்று நினைத்தேனே, அந்த வாயுவைப் பொறுத்தவரை அதுவும் சரிதான்: அதற்கு அந்தச் சுருள் ஒரு தடித்த கம்பி.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் கம்பியை வைத்து, மெழுகுவத்தி கொளுத்தி மூடினால் ஆக்சிஜன் போய்விடும் என்றும் ஒரு சோதனை செய்தோம். மெழுகுவத்தி அணைந்தது, ஆனால் உள்ளே ஆக்சிஜன் பெரும்பகுதி மிச்சம் இருக்கும்போதே அது அணைந்துவிடும். கம்பியில் வித்தியாசம் எதுவும் இல்லை. நைக்ரோமுக்கு அது தேவையும் இல்லை, சூட்டில் அதன் மேல் குரோமியம் ஆக்சைடு படலம் ஒன்று படிந்து கம்பியைக் காப்பாற்றுகிறது. பாட்டிலால் கிடைத்த ஒரே நன்மை ஃபேன் காற்று படாததுதான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு கடை பல்புகளுக்குத் திரும்பினோம். 40 வாட் இழை 100 வாட்டைவிடக் குறைந்த சூட்டில் எரிகிறதா? தனித்தனியாக 230 வோல்ட்டில் போட்டுப் பார்த்தால் இரண்டின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றே. செய்பவர்கள் தடிமனை மட்டும் மாற்றுவதில்லை, நீளத்தையும் சேர்த்து மாற்றுகிறார்கள். தடிமனை மட்டும் கூட்டினால் என் 26 கேஜைப் போல அறுந்துவிடும். ஒரே சூடு, ஒரே வோல்ட், ஆனால் இரண்டரை மடங்கு வாட் வேண்டுமென்றால் கம்பி 1.84 மடங்கு தடிமனாகவும் 1.36 மடங்கு நீளமாகவும் இருக்க வேண்டும் என்று கணக்கு வருகிறது. நாங்கள் அளந்த 0.04-க்கும் 0.02-க்கும் உள்ள விகிதம் 2, மைக்ரோமீட்டரின் நுட்பத்துக்கு இது போதுமான பொருத்தம். 100 வாட் பல்ப் அதிக வெளிச்சம் தருவது இழை அதிகச் சூடாக இருப்பதால் அல்ல, அதே வெள்ளைச் சூட்டில் எரியும் பரப்பு பெரிதாக இருப்பதால்தான்.

பல்ப் ஏன் ஃபியூஸ் போகிறது என்பதும் இங்கே புரிந்தது. ஒரு இழையில் ஏதோ ஒரு இடம் மயிரிழை மெலிந்திருந்தால் போதும். இழை முழுக்க ஒரே மின்னோட்டம்தான், அதாவது சீரிஸ். மெலிந்த இடம் அதிகம் சூடாகும், அங்கே டங்ஸ்டன் சீக்கிரம் ஆவியாகும், இன்னும் மெலியும், இன்னும் சூடாகும். பழைய பல்பின் கண்ணாடியில் உட்புறம் கருமை படிவது அந்த ஆவிதான். கடைசியில் ஒரு நாள் ஸ்விட்ச் போடும்போது, ஆறிய இழையில் பாயும் அந்த 6 ஆம்பியரில் அந்த இடம் அறுந்துவிடுகிறது. என் தெர்மோஸ்டாட் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை அந்த அடியைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

ஆக அண்ணன் சொன்ன வழி சரியானதே, நான்தான் வேறு வேறு வாட்டைப் போட்டுக் கெடுத்தேன். ஒரே மாதிரி 60 வாட் இரண்டு வாங்கினேன், 50 ரூபாய். சீரிஸில் ஒவ்வொன்றுக்கும் 116 வோல்ட், மின்னோட்டம் 0.18 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து 41 வாட். இழை செம்பு நிறத்தில் எரிகிறது. இந்தச் சூட்டில் டங்ஸ்டன் ஆவியாவது மிகவும் குறைவு. வாட் குறைந்ததால் தெர்மோஸ்டாட்டும் நிதானமாகிவிட்டது, நான்கு நிமிடம் எரிந்து இரண்டு நிமிடம் அணைகிறது. வெப்பம் 37.3-க்கும் 37.7-க்கும் நடுவில் நின்றது.

24 முட்டை வைத்தேன். ஏழாம் நாள் டார்ச்சில் 4 கூமுட்டை என்று தெரிந்து எடுத்துவிட்டேன். 18-ம் நாள் வரை காலை, மதியம், இரவு என்று திருப்பி வைத்தோம், அதன்பின் தொடவில்லை. மீதி 20-ல் 16 பொரித்தது 21-ம் நாள். 3 முட்டையில் குஞ்சு முழுசாக வளர்ந்து ஓட்டை உடைக்காமல் இறந்திருந்தது, கடைசி மூன்று நாளில் தண்ணீர்க் கிண்ணம் போதவில்லை என்று நினைக்கிறேன். அது பல்பு சம்பந்தப்பட்டது இல்லை.

சோதனைக்கும் பெட்டிக்கும் சேர்த்து செலவு 290 ரூபாய். அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. ஒன்று, பால் பல்ப் வாங்காமல் தெளிவான கண்ணாடி பல்ப் மட்டும் வாங்குவேன், இழையின் நிறத்தைப் பார்த்தே அது எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டாவது பெரிய விஷயம்: சீரிஸில் ஒரு பல்ப் போனால் இரண்டும் அணைந்துவிடும். 12-வது நாள் இரவில் நடந்தது மறுபடி நடக்க அது ஒன்று போதும். அதனால் 40 வாட் பல்ப் நான்கு. இரண்டிரண்டாக சீரிஸில் ஜோடி சேர்த்து, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலாக, அதாவது தனித்தனிப் பாதையில் மின்சாரம் போகும்படி, கொடுக்கப் போகிறேன். ஒரு ஜோடிக்கு 27 வாட் வரும் என்பது என் கணக்கு. ஒரு ஜோடி போனாலும் மற்றொன்று விடியும்வரை பெட்டியை 35 டிகிரிக்குக் கீழே விடாமல் பிடித்துக்கொள்ளுமா என்று வெறும் பெட்டியில் ஒரு இரவு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முட்டை வைப்பேன். ஹோல்டர் நான்கும் நேற்றே வாங்கி வந்துவிட்டேன்.